தலைவர் இஸ்தோப்புல பேசி முடிக்கிற விஷயமா இது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தோட்டத்து லயத்துல, தொழிலாளர் இருக்கிற வரிசை வீட்டுல, நடக்கிற பாலியல் வன்முறைய பத்தி ஒரு சின்ன பதில் எழுதினேன், பத்து வரி கூட இருக்காது. அதுக்கு இந்த மாசம் வந்த கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸும் எண்ணி முடியல. ஒண்ணு ரெண்டு திட்டு, மிச்சம் எல்லாம் அழுக. அதனால இந்த தடவ சமையல் கேள்வி, முடி கொட்டுற கேள்வி எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. யாரோட பேரும் தோட்டத்தோட பேரும் போடல, அடையாளம் தெரியாம இருக்க சின்ன சின்ன விவரத்தையும் மாத்திட்டேன்.

கேள்வி: அக்கா, எங்க தோட்டத்துல ஒரு புள்ளைக்கு 17 வயசு. அம்மா குவைத்துல வீட்டு வேல, பாட்டி கூட தான் இருக்கு. பக்கத்து டிவிஷன்ல உள்ள ஒருத்தன் அத பலாத்காரம் பண்ணிட்டான். தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியும் இஸ்தோப்புல, வீட்டு முன் விறாந்தையில, உக்காந்து பேசி ஒன்றரை லட்சம் வாங்கித் தாறோம், இல்லாட்டி 18 முடிஞ்சதும் அவனுக்கே கட்டி வைக்கிறோம்னு சொல்றாங்க. பொலிஸுக்கும் ஒரு தடவ போனோம், அங்க எழுதினது பூரா சிங்களம், என்ன எழுதினாங்கன்னு தெரியாமலே பாட்டி கைநாட்டு வச்சிட்டு வந்திச்சு. நாங்க மாதர் சங்கத்துல 14 பேர் இருக்கோம். இந்த புள்ளைக்கு என்ன செய்யலாம்? அதோட நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு இப்படி நடந்தா பொலிஸ், ஆஸ்பத்திரி, தோட்ட நிர்வாகம் எல்லாம் ஒழுங்கா நடந்துக்க வைக்க எங்கள மாதிரி கொழுந்து எடுக்கிற ஆளுங்களுக்கு ஏலுமா?
– மஸ்கெலியா பக்கம் ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, மொதல்ல புள்ள, மத்ததெல்லாம் பொறகு. எப்ப நடந்துச்சுன்னு நீங்க எழுதல. 72 மணித்தியாலம் ஆகலன்னா இத வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கூட காத்துக்கிட்டு இருக்காதீங்க, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. தோட்டத்து டிஸ்பென்சரியோட நிப்பாட்டாம டிக்கோயாவோ நுவரெலியாவோ, கோர்ட்டுக்கு அறிக்க குடுக்கிற சட்ட வைத்திய அதிகாரி இருக்கிற எடத்துக்கு போகணும். எச்.ஐ.வி வராம தடுக்கிற மருந்த 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கணும், கர்ப்பம் தங்காம இருக்க குடுக்கிற மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது. நம்ம இலங்கை சட்டத்துல தாயோட உயிர காப்பாத்துறதுக்கு மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம் இருக்கு, பலாத்காரத்தால தங்கினாலும் விதிவிலக்கு கெடையாது, அதனால அந்த ஒரு மாத்திரை லேட் ஆகுறதுன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சு பாருங்க. உடுத்தியிருந்த உடுப்ப கழுவாம பேப்பர் பேக்ல போட்டு கொண்டு போங்க, ப்ளாஸ்டிக் ஷொப்பிங் பேக் வேணாம், ஈரம் தங்கி கெட்டுரும். பொலிஸ் என்ட்ரி இல்லாம வைத்தியம் பாக்க மாட்டோம்னு யாராவது சொன்னா கேட்டுட்டு திரும்பி வராதீங்க, வைத்தியம் மொதல்ல. 72 மணித்தியாலம் தாண்டியிருந்தாலும் போங்க, பாக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கு.

அடுத்தது அந்த ஒன்றரை லட்சம். பாலியல் வல்லுறவு ரெண்டு பக்கமும் சமாதானமாகி முடிச்சிக்கிற குத்தம் இல்ல, சின்ன சின்ன பிரச்சினைய பேசி தீக்கிற மத்தியஸ்த சபைக்கு கூட இத கையில எடுக்கிற அதிகாரம் கெடையாது, அப்ப தலைவருக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு? பாதிக்கப்பட்டவளுக்கு 18 வயசுக்கு கீழன்னா தண்டன சட்டக்கோவ 364வது பிரிவுல 10 வருசத்துல இருந்து 20 வருசம் வரைக்கும் மறியல், அதாவது ஜெயில், இருக்கு. அத ஒன்றரை லட்சத்துக்கு முடிக்கிறாங்கன்னா காப்பாத்துறது யாரன்னு சொல்லத் தேவையில்ல. கல்யாண கத இன்னும் மோசம், ஒரு வருசம் காத்திருந்து அவன் கையிலயே புடிச்சி குடுக்கிறதுக்கு பேரு தீர்ப்பாம். புள்ளையவோ பாட்டியவோ கேஸ வாபஸ் வாங்குன்னு மிரட்டினா அதுவே தனி குத்தம், 2023ம் ஆண்டு 10ம் இலக்க சட்டம், பாதிக்கப்பட்டவங்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற சட்டம் அது. தலைவர்கிட்ட மரியாதையாவே சொல்லுங்க, "ஐயா, நீங்க நல்லதுக்கு பேசுறதா நெனைக்கிறீங்க, ஆனா நாளைக்கு கோர்ட்ல உங்க பேரும் வந்துரும்". பாதி தலைவர்மாருக்கு இது போதும்.

கைநாட்டு வச்ச வாக்குமூலம் அதோட முடிஞ்சி போச்சுன்னு நெனைக்காதீங்க, மேலதிக வாக்குமூலம் குடுக்கலாம். 1929க்கு அடிங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர், புள்ளைக்கு 18 ஆகாததால அவங்களுக்கு இதுல பொறுப்பு இருக்கு. பொலிஸ்ல சிறுவர் பெண்கள் பணியகத்தோட நம்பர் 109. அப்பவும் ஸ்டேஷன்ல இழுத்தடிச்சா ஸ்டேஷனுக்கு மேல உள்ள அதிகாரி ஏ.எஸ்.பிக்கு கடிதம், அதுக்கும் மேல மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996. லோயருக்கு காசில்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. இவ்வளவு வருசமா இந்த பக்கத்துக்கு எழுதுறேன், "அந்த புள்ளைக்கு தைரியம் சொல்லுங்கக்கா"ன்னு கேட்டு தான் எழுதுவாங்க, இத மாத்த ஏலுமான்னு கேட்ட மொத ஆள் நீங்க தான்.

ஒரு விஷயம் சொல்றேன். கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஒரு புள்ள கூட ஒரு ஸ்டேஷனுக்கு போயிருந்தேன், எந்த ஊருன்னு வேணாம். தமிழ் தெரிஞ்ச ஆள் யாரும் டியூட்டில இல்ல. வெளியில நின்ன த்ரீவீல்காரர ஒருத்தர கூப்பிட்டு மொழிபெயர்க்க சொன்னாங்க. நல்ல மனுசன் தான், உதவிக்கு தான் வந்தாரு, ஆனா அந்த புள்ளைக்கு அவரு மாமா முற. மாமா முன்னுக்கு அவ என்னத்த சொல்லுவா? குனிஞ்சிக்கிட்டே "கைய புடிச்சி இழுத்தான்"னு மட்டும் சொன்னா, அது தான் எழுத்துல ஏறிச்சு, அதுக்கு பொறகு டொக்டர்கிட்ட அவ உண்மைய சொன்னப்ப "மொதல்ல ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற"ன்னு கோர்ட்ல எதிர் லோயர் ரெண்டு மணித்தியாலம் அவள கொடஞ்சு எடுத்தாரு. கேஸ் நிக்கல. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா, புள்ளைக்கு தைரியம் பத்தாதாம். அந்த கதிரையில மாமாவுக்கு பதிலா தமிழ் தெரிஞ்ச ஒரு பொம்பள பொலிஸ் உக்காந்திருந்தா அவளுக்கு தைரியம் தானா வந்திருக்கும்.

அதனால நீங்க 14 பேரும் கேக்க வேண்டியது அந்த கதிரைய தான். "கொள்கை மாற்றம்"னு என்ஜிஓகாரங்க பெரிய வார்த்தையா சொல்றது இத தான், பயப்படாதீங்க. கொழும்புல சட்டம் நல்லாத்தான் எழுதி வச்சிருக்கான், அது இன்னும் மலைக்கு ஏறி வரல, ஏத்துறது தான் நம்ம வேல. அரசியலமைப்புலயே தமிழ்ல அலுவல் பாக்க உரிம இருக்கு, கோர்ட்ல பாஷ தெரியலன்னா அரசாங்க செலவுல மொழிபெயர்ப்பு தரணும்னு 24வது உறுப்புரை சொல்லுது. யாரும் கேக்கல, அதனால யாரும் தரல.

எப்படி கேக்கிறது? தகவல் அறியும் சட்டம், 2016ம் ஆண்டு 12ம் இலக்கம். ஒரு சாதா கடுதாசில தமிழ்ல எழுதுங்க: இந்த பொலிஸ் ஸ்டேஷன்ல தமிழ் பேசுற பெண் உத்தியோகத்தர் எத்தன பேர், ராத்திரி டியூட்டில எத்தன பேர், போன வருசம் பாலியல் வன்முறை முறைப்பாடு எத்தன, அதுல எத்தன கோர்ட்டுக்கு போச்சு. ஏன் கேக்கிறீங்கன்னு காரணம் சொல்லவே தேவையில்ல. 14 வேல நாளைக்குள்ள முடிவு சொல்லணும், இல்லாட்டி மேன்முறையீடு பண்ணலாம். "பொலிஸ் சரியில்ல"ன்னு நூறு பேர் கத்தினா ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி சிரிப்பாரு, "உங்க ஸ்டேஷனே எழுதி குடுத்த பதில் இது, ராத்திரியில தமிழ் தெரிஞ்ச பொம்பள ஆள் பூச்சியம்"னு ஒரு கடுதாசிய நீட்டினா அந்த சிரிப்பு வராது. அதோட கொப்பிய எம்.பிக்கு குடுங்க, பாராளுமன்றத்துல பொது மனுக்களுக்கு ஒரு குழு இருக்கு, எம்.பி மூலமா தான் அங்க போகும். தேர்தல் நேரத்துல லயத்து வாசல்ல நின்னவங்க தானே, கேளுங்க.

தோட்ட நிர்வாகத்துக்கு வேற வழி. 1992ல பெரும்பாலான தோட்டம் கம்பனிங்க கைக்கு போச்சு, கம்பனிக்காரன் நம்ம கண்ணீருக்கு எரங்க மாட்டான், தேயில வாங்குற வெளிநாட்டுக்காரனுக்கு பயப்படுவான். உங்க ஸ்டோர், அதாவது தேயில பெக்டரி, வாசல்ல தவள படம் போட்ட போர்ட் இருக்கான்னு பாருங்க. அது ரெயின்ஃபொரஸ்ட் அலயன்ஸ் சர்டிபிகேட், அத வச்சிருக்கிற தோட்டம் வேலத்தளத்துல நடக்கிற வன்முறையயும் தொந்தரவையும் கவனிக்க ஒரு கமிட்டி வச்சிருக்கணும்னு அவங்க விதியிலயே இருக்கு. அந்த கமிட்டியில யார் இருக்காங்கன்னு காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கேளுங்க. கணக்கப்புள்ளையோட சம்சாரம் பேர எழுதி வச்சிருந்தா போதாது, மலையில கொழுந்து எடுக்கிற ரெண்டு பேர் வேணும். கோர்ட்டுக்கு போற நாளைக்கு பேர் போட, அதாவது அன்னைக்கு நாள் சம்பளம் எழுத, சொல்லியும் கேளுங்க. தவணைக்கு தவண ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ்ல போய் வந்து, அன்னைக்கு பேரும் இல்லன்னா எந்த குடும்பம் தாங்கும்? பாதி கேஸ் சாட்சி இல்லாம சாகல, பஸ் காசு இல்லாம சாகுது, இது என் கண்ணால கண்டது. யூனியன்காரங்க சம்பளத்துக்கு மட்டும் தான் மேசைக்கு போவாங்க, இது அவங்க லிஸ்ட்லயே இல்ல. சந்தா நம்மளுது தானே, சேக்க சொல்லுங்க.

ஒரேயடியா எல்லாத்தையும் கேக்காதீங்க. ஒரு விஷயம், ஒரு ஆள், ஒரு திகதி. அதோட ஒண்ணு, அந்த புள்ளைய எந்த கூட்டத்துக்கும் கூட்டிட்டு போய் கத சொல்ல வைக்காதீங்க. மனு உங்க 14 பேரோடது. அவ பாட்டுக்கு ஸ்கூலுக்கு போகட்டும்.

கேள்வி: ஒடம்புல காயம் இல்லன்னா கேஸ் நிக்காதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, உண்மையா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: பொய். தண்டன சட்டக்கோவையில வல்லுறவுன்னா என்னன்னு சொல்ற 363வது பிரிவோட விளக்கத்துலயே இருக்கு, சம்மதம் இல்லன்னு நிரூபிக்க எதிர்த்து போராடின காயம் கட்டாயம் இல்ல. 1995லயே வந்தது ஐயா. முப்பது வருசமா அந்த ஒரு வரி பண்டாரவளைக்கு வந்து சேரலன்னா என்னத்த சொல்ல.

கேள்வி: அக்கா நாங்க யூத் குரூப் ஒண்ணு வச்சிருக்கோம், எங்க ஊர் தங்கச்சி ஒருத்தங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு நீதி கேட்டு ஃபேஸ்புக்ல அவங்க ஃபோட்டோ போட்டு போஸ்டர் செஞ்சோம், நாலாயிரம் ஷெயார் போயிருக்கு. இன்னும் பெருசா செய்ய ஐடியா தாங்க.
– தலவாக்கலை தம்பி

பதில்: தம்பி, மொதல் ஐடியா, இத வாசிச்ச ஒடனே அந்த ஃபோட்டோவ எடு. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியிற மாதிரி பேரோ படமோ வெளியிடுறது 365இ பிரிவுக்கு கீழ குத்தம், ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போகலாம். ஆங்கிலத்துல பாத்தா அது 365 சி. ஒன் மனசு நல்லது, தெரியுது. ஆனா நாளைக்கு அந்த தங்கச்சி டவுனுக்கு போனா நாலாயிரம் பேருக்கு அவ மொகம் தெரியும், செஞ்சவனோட மொகம் எத்தன பேருக்கு தெரியும்?

பெருசா செய்யணும்னா சின்னதா ஒண்ணு சொல்றேன். 2018 வரைக்கும் உள்ளூராட்சி பாக்கிற பிரதேச சபைக்கு தோட்டத்துக்குள்ள காசு செலவழிக்க சட்டமே தடையா இருந்திச்சு, ரோட்டு லைட் கேட்டா "அது கம்பனி ரோடு"ன்னு கைய விரிப்பாங்க. 2018ல அந்த சட்டத்த திருத்தியாச்சு, இப்ப அந்த சாட்டு செல்லாது. உங்க ஏரியாவுல மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி லயத்துக்கு நடக்கிற குறுக்கு பாதைய போய் ராத்திரி ஏழு மணிக்கு நீங்களே நடந்து பாருங்க, எங்கெங்க இருட்டுன்னு ஒரு மேப் கீறுங்க, டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ளைங்ககிட்ட எங்க பயமா இருக்குன்னு கேட்டு குறிங்க. அத சபைக்கு கொண்டு போங்க. அங்க இப்ப பொம்பள மெம்பர்மாருக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கு, அவங்கள புடிங்க. நாலாயிரம் ஷெயார் செய்யாதத பத்து லைட் செய்யும்.

கேள்வி: கொழுந்து நிறுக்கிற எடத்துல சுப்பவைசர் ஒருத்தர் சங்கட்டமா பேசுவாரு, தொட்டு தொட்டு பேசுவாரு. மூஞ்ச காட்டினா அன்னைக்கு எடைய கூட கழிக்கிறது, அரைப் பேர் போடுறது. தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட சொன்னா "நீ சிரிச்சிருப்ப"ன்னு கேக்கிறாரு.
– பொகவந்தலாவை

பதில்: 345வது பிரிவு, பாலியல் தொந்தரவு, அஞ்சு வருசம் வரைக்கும் மறியல். வாயால பேசினாலும் சேரும், வேல வாங்குற அதிகாரத்துல இருக்கிறவன் செஞ்சாலும் சேரும். ஆனா நீங்க தனியா போகாதீங்க அம்மா. அவன் உங்க ஒருத்திகிட்ட மட்டும் இப்படி செய்யிறவனா இருக்க மாட்டான், ஒங்க கேங்ல இருக்கிறவங்ககிட்ட மெதுவா பேசி பாருங்க. ஒரு கொப்பியில திகதி, நேரம், அன்னைக்கு எத்தன கிலோ எடுத்தீங்க, எத்தன கிலோ எழுதினான், என்ன சொன்னான், எழுதி வைங்க, எழுத தெரியாட்டி மகள எழுத சொல்லுங்க. நாலு பேர் கொப்பி ஒரே மாதிரி பேசினா துரை "நீ சிரிச்சிருப்ப"ன்னு சொல்ல ஏலாது. இதே வேலைய அரசாங்க உத்தியோகத்தர் யாராவது செஞ்சா, ஒரு சர்டிபிகேட்டுக்கு கையெழுத்து போட "வேற மாதிரி" கவனிக்க சொன்னா, அது 2023ம் ஆண்டு ஊழல் எதிர்ப்பு சட்டத்துல பாலியல் இலஞ்சம், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவோட நம்பர் 1954க்கு சொல்லலாம்.

கேள்வி: கட்டின புருசன் குடிச்சிட்டு வந்து வேணாம்னு சொன்னாலும் விடுறதில்ல. இது குத்தமா இல்லையா?
– பேரு போட வேணாம், ராகலை

பதில்: என்னைய கேட்டா குத்தம். நம்ம சட்டத்த கேட்டா, கோர்ட்டால பிரிஞ்சு வாழ உத்தரவு வாங்கியிருந்தா மட்டும் தான் குத்தம். 1995ல சட்டத்த திருத்துறப்ப வச்ச ஓட்ட இது, இன்னும் அடைக்கல. எத்தன கொமிட்டி, எத்தன அறிக்க. நேரா சட்டத்தையே மாத்த சொல்லி கேக்க வேண்டியது எதுன்னா மொதல்ல இத தான் சொல்லுவேன்.

ஆனா அது வரைக்கும் நீங்க அடி வாங்கிக்கிட்டு இருக்கணும்னு இல்ல. 2005ம் ஆண்டு 34ம் இலக்க வீட்டு வன்முறை தடுப்பு சட்டத்துல மஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பாதுகாப்பு கட்டள வாங்கலாம், ஒங்களுக்காக பொலிஸும் மனு போடலாம், 12 மாசம் வரைக்கும் அவர் கிட்ட வராம, தொந்தரவு செய்யாம தடுக்க ஏலும். புருசன மறியல்ல போடுறது இல்ல இது, அந்த பயத்துல தான் நெறைய பேர் போறதில்ல. 1938 பெண்களுக்கான நம்பர். மனசு விட்டு பேச அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல நட்பு நிலையம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, சிங்களத்துல மிதுரு பியச. கிளினிக்குக்கு போறேன்னு சொல்லிட்டு போகலாம்.

கேள்வி: ஆம்பள புள்ளைக்கு நடந்தா சட்டம் இல்லையாமே?
– ஹாலி-எல தகப்பன்

பதில்: இருக்கு ஐயா. வல்லுறவுன்னு எழுதியிருக்கிறது பொம்பளைங்கள பத்தி மட்டும் தான், அது உண்ம, அதையும் மாத்தணும். ஆனா 365ஆ, கடும் பாலியல் துஷ்பிரயோகம், அதுல ஆண் பெண் வித்தியாசம் இல்ல. புள்ளைக்கு 18 ஆகலன்னா 1929. மகன அடிக்காதீங்க, "நீ ஏன் கத்தல"ன்னு கேக்காதீங்க. கேட்டிருந்தா இன்னைக்கே மன்னிப்பு கேட்டுருங்க, தகப்பன் மன்னிப்பு கேக்கலாம்.

கேள்வி: 2023ல மலையகத்துக்கு 200 வருசம்னு பெருமையா கொண்டாடினோம். நீங்க லயத்து அசிங்கத்த எல்லாம் பத்திரிகையில எழுதி நம்ம சனத்த கேவலப்படுத்துறீங்க. கொழும்புல நடக்கலையா?
– கண்டி வாசகர்

பதில்: நடக்குது. கொழும்புல நடந்தா பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு.

கேள்வி: அக்கா, எனக்கு இப்ப 31. பதிமூணு வயசுல கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்கு விட்டாங்க, அந்த வீட்டுல நடந்தது. கல்யாணம் முடிச்சு ரெண்டு புள்ள இருக்கு, அவருக்கு தெரியாது. கேஸ் எல்லாம் இனிமே போட ஏலாதுன்னு தெரியும். நீங்க பதில் எழுத வேணாம், யாருக்காவது சொல்லணும் போல இருந்திச்சு.
– அப்புத்தளை

பதில்: பதில் வேணாம்னு சொல்லிட்டீங்க, இருந்தாலும் ஒரே ஒரு விஷயம், அத தெரியாம இருந்துடக் கூடாதுன்னு எழுதுறேன். கொலைக்கும் ராஜதுரோகத்துக்கும் கால எல்லை இல்ல, மத்த குத்தத்துக்கு பொதுவா நடந்த நாள்ல இருந்து 20 வருசம். ஒங்களுக்கு நடந்து 18 வருசம் தான் ஆகியிருக்கு. கேஸ் போடுங்கன்னு நான் சொல்லல, போடாம விட்டாலும் அது உங்க இஷ்டம், யாரும் ஒண்ணும் சொல்ல ஏலாது. "இனிமே ஏலாது"ங்கிறது மட்டும் சரி இல்ல. இன்னொரு கடிதம் எழுதணும் போல இருந்தா எழுதுங்க, பத்திரிகையில போட மாட்டேன்.